கதவுக்கு எண்ணெய் போடும் நாள்

குளிர் தொடங்குவதற்கு முன்னால் கேரேஜ் கதவுக்கு எண்ணெய் போட வேண்டும். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது கணவனும் மனைவியும் சேர்ந்து செய்கிற வேலை. அதற்காக இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுப்பார்கள். அவர் ஏணியில் ஏறிக்கொள்வார். அவள் கீழே நின்று டார்ச் அடிப்பாள், கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுப்பாள், கேட்காத ஸ்பானரையும் எடுத்துக் கொடுப்பாள்.

"கதவுக்கு அடின்னா என் மூஞ்சிக்கு அடிக்கற. கண்ணு கூசுது."

"மூஞ்சியும் கொஞ்சம் எண்ணெய் கேக்கற மாதிரிதான் இருக்கு."

கதவு மேலே போகிற தண்டவாளத்தை அவருடைய பழைய பனியனால் துடைப்பார்கள். உருளைகளுக்கும் கீல்களுக்கும் எண்ணெய் விடுவார்கள். கதவின் அடியில் இருக்கிற ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்றுவார்கள். எல்லாம் முடிந்ததும் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, சிமெண்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பார்கள். வருடா வருடம் அன்றைக்கு ஒரு சண்டை உண்டு. இடுப்பு வலியும் உண்டு. மாற்றி மாற்றித் தைலம் தேய்த்துவிடுவதற்குள் சண்டை எதற்கு என்பது மறந்துபோகும்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, முழுதாகச் சேர்ந்திருக்க அந்த ஒரு நாள்தான் மிச்சம் என்று ஆகிவிட்டது.

அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. கடைகளுக்குப் போகும் காய்கறி லாரிகளை விடிவதற்குள் ஏற்றி அனுப்ப வேண்டும். ஊர் எழுந்திருக்கும்முன் கிளம்பி, மத்தியானம் திரும்புவார். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் மத்தியானத்திலிருந்து கடை மூடும்வரை வேலை. அவள் வீடு திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். அவள் மூடி வைத்துப் போன சாப்பாட்டை அவர் சாப்பிட்டிருப்பார். கழுவிக் கவிழ்த்த தட்டு அவளுக்காகக் காத்திருக்கும்.

தூங்குவதும் தனித்தனி அறையில். மகள் போன அடுத்த மாதமே அவர் தலையணையை எடுத்துக்கொண்டு மகளுடைய அறைக்குப் போய்விட்டார். "என் அலாரம் அடிச்சா உன் தூக்கம் கெடுது, பாப்பாம்மா" என்றார். மகளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டதால் அவள் பாப்பாம்மா ஆகியிருந்தாள். தூக்கம் கெட்டால் கெடட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த அறை பிடித்திருக்கிறதோ என்னவோ என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆனால் கேரேஜ் கதவு பேசும். அவளுடைய ஜன்னலுக்கு நேர் கீழே அது இருந்தது. எண்ணெய் போடும் நாள் நெருங்க நெருங்க, பழைய எண்ணெய் காய்ந்துபோய், கிறீச்சென்று தொடங்கி, முனகிக்கொண்டே மேலே ஏறும். கார் பின்னால் போகும். கதவு இறங்கி, தரையில் தொம்மென்று உட்காரும். அவள் இருட்டில் கண்ணைத் திறந்து அத்தனையும் கேட்பாள். போயிட்டு வரேன் என்று அவர் சொல்வதும், சரி என்று அவள் சொல்வதும் அதற்குள் அடங்கிவிடும். பிறகு புரண்டு படுத்துத் தூங்கிவிடுவாள்.

இந்த வருடம் அந்த நாளை அவள் வழக்கத்தைவிட ஆவலாக எதிர்பார்த்தாள். காரணம் மகளுடைய போன்.

"அம்மா, அப்பாவுக்கு வெளியூர்க் கிடங்குக்கு மாத்தல் குடுத்திருக்காங்களாமே. வீடெல்லாம் கம்பெனியே தருதாம். நீ கடைய விட்டுட்டுப் போவியா, இல்ல அப்பா மட்டும் போறாரா?"

அவள் கையில் பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது. "இன்னும் பேசி முடிவு பண்ணல" என்றாள்.

"சீக்கிரம் பண்ணுங்க. அடுத்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். ஏம்மா மூக்க உறிஞ்சற?"

"வெங்காயம்."

பேசி முடிவு பண்ணுவதற்கு முதலில் யாராவது பேச வேண்டும். கவிழ்த்த தட்டைப் பார்த்து என்ன கேட்பது? ஏணியில் நிற்கிற மனிதரைக் கேட்கலாம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி, பேச்சோடு பேச்சாக, "என்னை விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிடலாம். ஏணியிலிருந்து அவர் எங்கேயும் ஓட முடியாது.

கதவு வேலை என்றைக்கு என்று அவருக்குப் போனில் செய்தி அனுப்பிக் கேட்டாள். வியாழக்கிழமை என்று பதில் வந்தது. கடையில் வியாழனுக்கு விடுப்புச் சொன்னாள். பழைய பனியன் ஒன்றைத் துவைத்துத் தனியாக எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை விடியலில் கதவு கிறீச்சிட்டது. கார் போயிற்று. எண்ணெய் வாங்கத்தான் போகிறார் என்று கொஞ்ச நேரம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு படுத்திருந்தாள். இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

வெயில் ஏறியபின் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு வேன். நீலச் சட்டை போட்ட ஒருவர் கருவிப் பெட்டியோடு நின்றார்.

"கதவு சர்வீஸுக்கு வந்திருக்கேங்க்கா. சார் புக் பண்ணியிருக்காரு."

"எந்த சார்?"

"இந்த வீட்டு சார்தாங்க்கா. வேற எத்தன சார் இருக்காங்க உள்ள?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

கதவுக்காரருக்கு வேலை செய்ய வாயும் வேண்டும் போலிருந்தது. மோட்டாரிலிருந்து கதவைப் பிரிக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்தார். கதவைக் கையாலேயே பாதி தூக்கி விட்டார். கதவு தடதடவென்று கீழே விழுந்தது.

"பாத்தீங்களாக்கா? பாதியில விட்டா பாதியிலயே நிக்கணும். ஏறவும் கூடாது, விழவும் கூடாது. இது மயக்கம் போட்டு விழுது. மேல இருக்கற ஸ்பிரிங் தளந்துபோச்சு. அத மட்டும் நீங்க தொட்டுடாதீங்க, கைய ஒடச்சிரும். தண்டவாளத்துல யாரு எண்ணெய் ஊத்துனது?"

"நாங்கதான். ரெண்டு பேரும்."

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க. என்ன, எண்ணெய் கொஞ்சம் பாசமா ஊத்திட்டீங்க. அதுல தூசி ஒட்டிக்கிச்சு. தண்டவாளத்தத் தொடச்சாலே போதும்."

அவர் அந்தப் பிசுக்கை வழித்து வழித்துக் காகிதத்தில் போட்டார். கறுப்பாக, கெட்டியாக வந்தது. எத்தனையோ வருடத்துச் சண்டையும் கேலியும் அதில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்பிரிங்கை முறுக்கினார். உருளைகளை மாற்றினார். ஒரு மரக்கட்டையை வாசலில் வைத்துக் கதவை இறக்கினார். கட்டையில் பட்டதும் கதவு நின்று, திரும்பி மேலே போனது. "ரோஷக்காரக் கதவு. யார் மேலயாவது பட்டா உடனே திரும்பிப் போயிடும்" என்றார். கடைசியாக அவளைக் கூப்பிட்டார்.

"நீங்களே தூக்கிப் பாருங்கக்கா. சார் அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. சத்தமே வரக் கூடாது, வீட்ல தூங்குவாங்கன்னாரு. அப்புறம் கரண்ட் இல்லாட்டி வீட்ல அவங்க ஒருத்தரே தூக்கணும், அவ்வளவு லேசா இருக்கணும்னாரு."

அவள் குனிந்து கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். தலையணையைத் தூக்குவதுபோலக் கதவு எழுந்து வந்தது. பாதியில் விட்டாள். அசையாமல் நின்றது.

"அவ்வளவுதான்" என்றார் கதவுக்காரர். "இனிமே இந்தக் கதவுக்கு ஒரு ஆள் போதும்க்கா."

வேன் போன பிறகும் அவள் கேரேஜிலேயே நின்றாள். ஊருக்குப் போகிறவர்கள்தான் இப்படி ஒவ்வொன்றாகச் செய்து வைத்துவிட்டுப் போவார்கள். ஒழுகுகிற குழாயை மாற்றுவார்கள், கூடுதலாக ஒரு சாவி செய்து கொடுப்பார்கள், தனியாக இருக்கப்போகிறவளுக்குக் கதவு லேசாக இருக்கட்டும் என்று ஆள் அனுப்புவார்கள். பொறுப்பான மனிதர். விட்டுப் போவதைக்கூடப் பொறுப்பாகத்தான் செய்வார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் வெட்டியாகக் காத்திருந்தவளாக அவர் முன்னால் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. சேலை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"என்ன, லீவு புடிக்கலையா?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடியை மாட்டி, கிட்டத்தில் தெரிகிறதா, தூரத்தில் தெரிகிறதா என்று கடை மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் விழித்தபோது அறை முழுக்க வெளிச்சம். பதறி எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். போர்வை மடித்து வைத்திருந்தது. கேரேஜ் காலி. கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று தெரியவில்லை. அதற்கடுத்த நாள் விழித்தே கிடந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். யாரோ பெருமூச்சு விடுவதுபோல மெல்லிய ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் தெருமுனையில் காரின் பின்விளக்கு திரும்பிவிட்டது.

அவர் ஊருக்குப் போய்விட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். போனதே தெரியாது. தட்டு மட்டும் கவிழ்ந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்று காலையில்தான் இருவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். குடித்தனக்காரர்கள்போலப் பேசிக்கொள்வார்கள்.

"கதவு எப்படி இருக்கு? சத்தம் வருதா?"

"இல்ல."

"நல்லா தூங்கறியா?"

"ம்."

"அப்ப சரி." அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். அவர் இடது கையால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வெளிய ஒரு வேலை இருக்கு. நீ கடைக்குக் கெளம்பறதுக்குள்ள வந்தாலும் வருவேன்."

கொஞ்ச நாளாகச் செவ்வாய்தோறும் அந்த வெளிவேலை இருந்தது. அந்த ஊர் விஷயமாக அலைகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் கிளம்பும்வரை அவர் வரவில்லை.

பதில் சொல்ல வேண்டிய வாரம் இது. இனிப் பேச்சோடு பேச்சாகவெல்லாம் கேட்க முடியாது. புதன்கிழமை விடியலுக்கு அலாரம் வைத்தாள். அவர் காரில் ஏறுவதற்குள் போய், கார் கதவைப் பிடித்துக்கொண்டாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அலாரம் அடித்தபோது விளக்கு எரியவில்லை. தெருவிளக்கும் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கினாள். கேரேஜுக்குள் போகிற கதவிடுக்கில் வெளிச்சம் அசைந்தது. திறந்தாள்.

அவர் காருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கயிறு தெரிவதற்காக இடது கையில் போன் வெளிச்சம். வலது கையில் குடை. குடையின் வளைந்த பிடியை நெஞ்சு உயரத்திலிருந்து மேலே நீட்டி, தலைக்கு மேலே தொங்குகிற சிவப்புக் கயிற்றைப் பிடிக்க எம்பிக்கொண்டிருந்தார். குடை கயிற்றைத் தட்டியது. கயிறு ஆடியது. அவர் மறுபடி எம்பினார்.

"என்ன பண்றீங்க?"

வெளிச்சம் அவள் முகத்துக்குத் திரும்பியது. "நீ ஏன் எழுந்த? சத்தம் கேட்டுச்சா?"

"சத்தம் கேக்கலன்னுதான் எழுந்தேன்."

அவருக்கு அது புரியவில்லை. "கரண்ட் போயிருச்சு. கயித்த இழுத்தா கையால தூக்கிடலாம். நீ போய்ப் படு."

"கயித்த இழுக்கறதுக்குக் குடையா?"

"எட்டல."

"போன வருஷம் எட்டுச்சே. இந்த வருஷம் குள்ளமாயிட்டீங்களா?"

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். சாய்த்த விதத்தில் ஏதோ சரியில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பையே சாய்த்து அதை வைத்தார்.

"கையத் தூக்குங்க."

"எதுக்கு? திருடன் போலீஸ் விளையாடவா?"

"தூக்குங்களேன்."

அவர் போனோடு இடது கையைத் தூக்கினார். கேரேஜ் கூரை வெளிச்சமானது.

"அது இல்ல. இன்னொன்னு."

"லேட்டாகுது பாப்பாம்மா. விடு."

"தூக்குங்க."

வலது கை மெல்ல எழுந்தது. நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அவர் பல்லைக் கடித்தார். அவள் கிட்டே போய் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எத்தன நாளா?"

"மழைக்காலத்துலேர்ந்து. தோள்பட்டை இறுகிப்போச்சாம். செவ்வாய்க்கிழமை ஆனா பிசியோதெரபிக்குப் போய் முறுக்கிட்டு வரேன். அங்க ஒரு பொண்ணு இருக்கா, துணி பிழியற மாதிரி பிழியறா."

"அதுக்குத்தான் வெளிய போறீங்களா?"

"வேற எதுக்குப் போறேன்?"

"ஏணி ஏற முடியாமத்தான் கதவுக்கு ஆள் வச்சீங்களா?"

"ஏறிடுவேன். ஏறி என்ன பண்றது? கை மேல போக மாட்டேங்குது. கதவையும் என்னால தூக்க முடியாது, அதான் உன்னால தூக்கற மாதிரி பண்ணச் சொன்னேன்." அவர் குரல் இறங்கியது. "உங்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்ட."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. தூக்கம், தூக்கம். இந்த மனிதர் அவளுடைய தூக்கத்துக்காகவே அறையை விட்டுப் போனார், கதவின் சத்தத்தை அடக்கினார், வலியை மறைத்தார். அவள் தூங்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்டதில்லை.

"அந்த ஊருக்குப் போறீங்களாமே" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாப்பா சொல்லிட்டாளா? அவ வாயில எதுதான் நின்னுச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அங்க உக்காந்து எழுதற வேலை. மூட்டை தூக்க வேண்டாம். மாத்தல் வேணாம்னு சொன்னா இந்தக் கையோட இங்கயே இழுக்கணும். சரின்னா உன்ன விட்டுட்டுப் போகணும். உன் கடை இங்க இருக்கு. ரெண்டுமே முடியல, அதான் ஒன்னும் சொல்லாம இருக்கேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வரேன்னு சொல்லுவ."

"சொன்னா?"

"எனக்காகச் சொல்லுவ. அதான் கேக்கல."

அவள் கையை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி, சிவப்புக் கயிற்றை இழுத்தாள். குனிந்து கதவைத் தூக்கினாள். சத்தமில்லாமல் அது தலைக்கு மேலே போய்விட்டது. குளிர்காற்று நாலைந்து சருகுகளோடு உள்ளே வந்தது.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"நீங்க ஒத்தக் கையால ஓட்ட வேண்டாம். நான் கொண்டுபோய் விடறேன்."

"நைட்டியோடவா? கிடங்குல ஆளுங்க இருப்பாங்க."

"கேட்டுக்கு வெளியவே இறக்கி விடறேன். என்னைப் பாக்க யாரு காத்துக்கிட்டு இருக்காங்க?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்துப் பார்த்தார், அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் குறுக்கே சாய்ந்து இழுத்து மாட்டினாள். அவர் மேல் தைல வாசனை வந்தது. தனியாக, எட்டாத இடத்தில் தானே தேய்த்துக்கொண்ட தைலம். சட்டைக் காலரெல்லாம் படிந்திருந்தது.

காரைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கிப்போய்க் கதவைக் கையால் இறக்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள், வண்டியைக் கிளப்பவில்லை.

"அங்க குடுக்கற வீடு எப்படி?"

"சின்னது. கேரேஜ் எல்லாம் கிடையாது. படுக்கற ரூமும் ஒன்னுதான். என் அலாரம் அடிச்சா உனக்குத்தான்..."

"ஒன்னுதானா?"

"ஒன்னுதான்."

"அப்ப கேளுங்க."

"என்னத்த?"

"கேக்காம விட்டீங்கல்ல. அத இப்ப கேளுங்க."

அவர் காரின் முன்கண்ணாடி வழியாக இருட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் இவ்வளவு தடுமாறியதில்லை.

"பாப்பாம்மா, எங்கூட வரியா?"

எத்தனையோ நாள் அவள் காத்திருந்தாள், இப்போது அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். விளக்கைப் போட்டு வண்டியை நகர்த்தினாள். மூடிய ஜன்னல்கள், வாசலில் நிற்கிற சைக்கிள்கள், எல்லாம் வெளிச்சத்தில் வந்து வந்து பின்னால் போயின. இந்த நேரத்துத் தெருவை அவள் பார்த்ததில்லை. தினமும் அவர் இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

"அங்க கண்ணாடிக் கடை இருக்கா?" என்றாள்.

"விசாரிக்கல."

"விசாரிங்க."

அவர் தலையாட்டினார். அவசரமாகப் போனை வெளியே எடுத்தார், பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெரு முடிகிற இடத்தில் பெரிய சாலை குறுக்கே ஓடியது. அவள் வண்டியை நிறுத்தினாள். இந்தப் பக்கமும் இருட்டு, அந்தப் பக்கமும் இருட்டு. இத்தனை வருடத்தில் அவருடைய கிடங்கை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது" என்றார் அவர். "கொஞ்ச தூரம் போகணும். நான் சொல்லிக்கிட்டே வரேன்."